பழைய 100 சிசி வண்டியின் முன் ஃபோர்க்: வீட்டிலேயே பிரித்து, பார்த்து, மாட்டும் முழு முறை

முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்தால் பலரும் செய்வது ஒன்றுதான். கடைக்குப் போய் ஆயில் சீல் ஒரு ஜோடி வாங்கி மாட்டிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி கசியும். சீல் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொரு ஜோடி வாங்குவார்கள். சீல் தானாகக் கிழிவதில்லை. துருப்பிடித்த பைப்பு, வளைந்த பைப்பு, உள்ளே போன மண், அளவுக்கு மீறி ஊற்றிய ஆயில் என்று ஏதோ ஒன்று அதைக் கிழிக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் பாதி. சீல் மாட்டுவது பத்து நிமிட வேலை.

இங்கே சொல்வது ஆர்எக்ஸ் 100, சிடி 100, பழைய ஸ்ப்ளெண்டர் மாதிரியான, டிரம் பிரேக் வைத்த சிறிய வண்டிகளுக்கு. அடியில் ஒரு ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி இருப்பது), உள்ளே துள்ளலை அடக்கும் ஒரு டேம்பர் ராடு, மேலே ஒரு ஸ்பிரிங் என்ற எளிய அமைப்பு இது. பழைய புல்லட்டின் ஃபோர்க் அமைப்பே வேறு. அதன் மேல்பைப்பு ஹெட்லைட் கூட்டுக்குள் மரையில் ஏறும், அடியில் நட்டு இருக்கும். அதற்கு இந்த வரிசை பொருந்தாது.

பெயர்களில் குழப்பம் வராமல் இருக்கச் சொல்லிவிடுகிறேன். மேலே பளபளவென்று இருக்கும் குரோம் குழாயைப் ‘பைப்பு’ என்கிறேன். கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் அலுமினியக் கூட்டைப் ‘பாட்டம்’ என்கிறேன். இரண்டும் சேர்ந்தது ஒரு ‘கால்’. இரண்டு கால்களையும் மேலேயும் கீழேயும் பிடித்திருப்பவை மேல் டி, கீழ் டி.

1. கோளாறு ஃபோர்க்கில்தானா?

வேகத்தடையில் இறங்கும்போது முன்னால் ‘டக்’ என்று சத்தம் வந்தால் உடனே ஃபோர்க்கைப் பிரிக்கத் தொடங்கிவிடாதீர்கள். அதே சத்தம் ஸ்டியரிங் கோன் செட், அதாவது ஹாண்டில் திரும்பக் கழுத்தில் இருக்கும் பேரிங், தேய்ந்தாலும் வரும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். பாட்டத்தின் அடிமுனை இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அப்படி ஆட்டும்போது, உதவிக்கு இருப்பவர் ஒரு விரலை முதலில் கீழ் டியும் பிரேமின் கழுத்தும் சேரும் இடத்தில் வைக்கட்டும். அங்கே அசைவு தெரிந்தால் கோன் செட்தான் காரணம். அப்புறம் பாட்டத்தின் மேல்விளிம்பும் பைப்பும் சேரும் இடத்தில் விரலை வைக்கட்டும். அங்கே ஆடினால் ஃபோர்க் தேய்ந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் ஆடினால் கோன் செட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரே தடவையில் வேலையை முடிப்பது நல்லது. கால்கள் கழன்றிருக்கும்போது கோன் செட் மாற்றுவது பாதி வேலைதான்.

ஆயில் கசிவு இருந்தால் பிரேக்கையும் பாருங்கள். பாட்டத்தின் வழியாக வழிந்த ஆயில் டிரம்முக்குள் போயிருந்தால் முன் பிரேக் பிடிக்காது. ஷூவில் ஆயில் ஊறியிருந்தால் அதைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். கழுவினாலும் ஊறிய ஆயில் சூட்டில் மறுபடி மேலே வரும்.

2. பிரிக்கும் முன் ஒரு சின்ன முயற்சி

சில நேரம் சீல் நன்றாகவே இருக்கும். அதன் உதட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு மணல்துகள் உட்கார்ந்துகொண்டு வழி விடும். பழைய எக்ஸ்ரே பிலிமில் விரலகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முனையில் ஒரு சின்னக் கொக்கி வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். டஸ்ட் கவரை மேலே தள்ளிவிட்டு, பிலிமை சீலுக்கும் பைப்புக்கும் இடையில் மெதுவாக நுழைத்து, பைப்பைச் சுற்றி ஒரு வட்டம் வந்து வெளியே இழுங்கள். கறுப்பாக அழுக்கு வரும். துடைத்துவிட்டு இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். ஹாண்டிலை அழுத்தி அழுத்திப் பாருங்கள்.

கசிவு நின்றால் இத்தோடு வேலை முடிந்தது. பத்து வருடமாகத் திறக்காத ஃபோர்க் என்றால் இது பெரும்பாலும் உதவாது. ஆனால் பத்து நிமிடம் செலவழித்துப் பார்ப்பதில் தவறில்லை.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாதியில் பொருள் தேடி ஓடுவதுதான் புதிதாகச் செய்பவர்களைத் தடுமாற வைக்கிறது. பிரித்த பாகங்கள் ஆயிலோடு திறந்து கிடக்கும்போது தெருமண் படியும். அந்த மண்தான் புது சீலை முதலில் கிழிக்கும்.

ஆயில் சீல் இரண்டு, டஸ்ட் கவர் இரண்டு, அடி போல்ட்டுக்கான செம்பு வாசர் இரண்டு, மேல் போல்ட்டின் ஓ-ரிங் இரண்டு. இவற்றை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு காலில் மட்டும் கசிந்தாலும் இன்னொன்றும் அதே வயதுதான். சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றும் எண்களாகப் பொறித்திருக்கும். வண்டியின் பெயரைச் சொல்லி வாங்கினாலும் அந்த எண்களைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃபோர்க் ஆயில் வேண்டும். இன்ஜின் ஆயில் வேண்டாம். காரணத்தை ஆயில் பகுதியில் சொல்கிறேன்.

கருவிகளில் முக்கியம் நல்ல ஆலன் கீ. சிறிய வண்டிகள் பலவற்றில் அடி போல்ட் 6 மி.மீ. ஆலன்தான். ஆழத்தில் இருப்பதால் நீளமான கீயோ, சாக்கெட்டில் மாட்டும் ஆலனோ வேண்டும். மலிவுக் கீ வாங்கினால் அது உருண்டு போல்ட்டின் தலையையும் கெடுத்துவிடும். பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மற்றவை: ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், அகலமான ஸ்க்ரூ டிரைவர், சின்னக் கூர் ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், 50 மில்லி சிரிஞ்சு, அளவுக்குவளை, மண்ணெண்ணெய், பனியன் வேஸ்ட், பால் பாக்கெட் ஒன்று, ஒன்றேகால் இஞ்ச் பிவிசி பைப்பு ஓர் அடி நீளம். கடைசி இரண்டும் எதற்கென்று சீல் இறக்கும்போது தெரியும்.

4. வண்டியை நிறுத்துவது

நடு ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்துங்கள். கட்டையைச் சைலன்சர் வளைவில் கொடுக்காதீர்கள், அது நசுங்கும். வெறும் செங்கல்லை அடுக்குவதும் கூடாது. நீங்கள் கீழே உட்கார்ந்து போல்ட்டைத் திருகும்போது வரும் அதிர்ச்சியில் செங்கல் பிளக்கும்.

பின் கேரியரிலிருந்து ஒரு கயிற்றைத் தரையில் கனமான ஏதாவது ஒன்றோடு கட்டிவிட்டால் இன்னும் நல்லது. முன்சக்கரமும் கால்களும் போனபின் எடை பின்னால் மாறும் என்று நினைப்போம். ஆனால் மேல் போல்ட்டை இளக்க ஹாண்டிலில் தொங்கும்போது வண்டி முன்னால் கவிழப் பார்க்கும்.

5. சக்கரம்

ஸ்பீடோ கேபிள், பிரேக் கேபிள் இரண்டையும் கழற்றுங்கள். ஆக்சில் நட்டை எடுத்து, ஆக்சிலை உருவுங்கள். சக்கரம் வரும்.

ஆக்சில் கையால் உருவ வருகிறதா என்று கவனியுங்கள். சுத்தியலால் தட்டித்தான் வந்தது என்றால், துரு இல்லாத பட்சத்தில், இரண்டு கால்களும் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். எங்கேயோ பைப்பு வளைந்திருக்கிறது அல்லது டி முறுக்கியிருக்கிறது. இதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உதவும்.

மட்கார்டைக் கழற்றும்போது அதன் போல்ட்டுகளைத் தனி டப்பாவில் போடுங்கள். சிறிய வண்டிகளில் மட்கார்டு வெறும் சேறு தடுக்கும் தகடு மட்டுமல்ல. இரண்டு பாட்டங்களையும் சேர்த்துப் பிடித்திருப்பதே அதன் இரும்புப் பட்டைதான். நான்கில் ஒரு போல்ட் இல்லாமல் ஓட்டும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிகளில்தான் கால்கள் தனித்தனியாக முறுக்கிக்கொண்டு ஓரம் தேய்கிறது.

6. கால் வண்டியில் இருக்கும்போதே இளக்க வேண்டிய இரண்டு போல்ட்

இந்த ஒரு படியைத் தவறவிட்டுத்தான் பாதிப்பேர் வேலையை நடுவில் நிறுத்துகிறார்கள்.

போன வருடம் அக்கா மகன் அவனுடைய வண்டியைத் தானே பிரிக்க ஆரம்பித்தான். மதியம் போன் வந்தது. “மாமா, அடியில இருக்கிற ஆலன் போல்ட் சுத்திக்கிட்டே இருக்கு, கழலவே மாட்டேங்குது.”

“ஸ்பிரிங்கை எடுத்துட்டியா?”

“அதை முதல்லயே எடுத்துட்டேனே.”

அதுதான் பிரச்சினை. அந்த அடி போல்ட் உள்ளே இருக்கும் டேம்பர் ராடில் மரையேறியிருக்கிறது. ராடைத் தனியாகப் பிடிக்க எதுவும் கிடையாது. ஸ்பிரிங் மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும்வரை ராடு சுற்றாமல் நிற்கும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் போல்ட்டோடு சேர்ந்து ராடும் சுற்றும்.

அதனால் சக்கரம் மட்டும் கழன்றிருக்கும் இந்த நிலையில், கால்கள் டியில் மாட்டியிருக்கும்போதே அடி போல்ட்டை இளக்குங்கள். முதலில் அதன் குழியில் அடைத்திருக்கும் மண்ணைக் கம்பியால் முழுக்கத் தோண்டி எடுங்கள். ஆலன் கீயைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி அடிவரை இறக்குங்கள். ஒருவர் பாட்டத்தை மேல்நோக்கி நன்றாக அழுத்திப் பிடிக்க, நீங்கள் ஒரே வெட்டில் திருப்புங்கள். மெதுவாக இழுப்பதைவிடச் சட்டென்று திருப்பினால்தான் இளகும். ஒரு சுற்று இளகினால் போதும், முழுக்கக் கழற்ற வேண்டாம். ஆயில் சொட்டும், அடியில் ஒரு தட்டை வையுங்கள்.

ஸ்பிரிங்கை முன்பே எடுத்துவிட்டீர்கள் என்றால் மறுபடி போட்டு மேல் போல்ட்டை முடுக்கிவிட்டு முயற்சி செய்யுங்கள். அப்போதும் சுற்றினால், பழைய மாப் குச்சியின் முனையைக் கூர்ப்பாகச் சீவி, ஸ்பிரிங் இல்லாத பைப்புக்குள் விட்டு, ராடின் தலைக்குள் இறுக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். மரம் கடித்துப் பிடிக்கும். அக்கா மகனுக்கு இரண்டாவது வழிதான் கைகொடுத்தது.

அடுத்தது மேல் போல்ட். மேல் டியின் பிடிபோல்ட் இருந்தால் அதை முதலில் இளக்கிவிட்டு, மேல் போல்ட்டை அரைச்சுற்று மட்டும் இளக்குங்கள். காலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்தால் பைப்பைப் பிடிக்க வைஸ் தேவைப்படும். வைஸ் பிடித்தால் குரோம் போகும்.

7. கால்களை இறக்குவது

கீழ் டியின் பிடிபோல்ட்டை இளக்குங்கள். பைப்பைச் சுழற்றிக்கொண்டே கீழே இழுங்கள். துரு பிடித்து வராவிட்டால் போல்ட்டை முழுக்க எடுத்துவிட்டு, டியின் வெட்டில் அகலமான ஸ்க்ரூ டிரைவரை விட்டு லேசாக விரியுங்கள். வார்ப்பு உடைந்துவிடும் என்பதால் பலமாக நெம்பாதீர்கள்.

சில வண்டிகளில் மேல் போல்ட்டே மேல் டி வழியாக இறங்கிப் பைப்பில் மரையேறும். அதை முழுக்க எடுத்தால்தான் கால் வரும். எடுக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, துணியால் மூடி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே கடைசி மரைகளைத் திருப்புங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். கடைசி மரை விட்டதும் போல்ட் துள்ளும்.

இடது, வலது என்று கால்களில் குறித்துவிடுங்கள்.

8. பிரிப்பது

ஒரு காலை முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். மாட்டும்போது சந்தேகம் வந்தால் மற்றக் காலைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பிரிங்கை உருவும்போது எந்த முனை மேலே இருந்தது என்று கவனியுங்கள். ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாக இருக்கும். போன் இருக்கிறதே, படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு காலைத் தலைகீழாகப் பிடித்து, பைப்பை உள்ளேயும் வெளியேயும் தள்ளி ஆயிலை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் வடியுங்கள். வெள்ளைப் பாத்திரம் ஏனென்றால், ஆயில் பேசும். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் அலுமினியம் தேய்ந்திருக்கிறது, பாட்டத்தின் உட்சுவரைச் சந்தேகப்பட வேண்டும். பால்காபி மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, டஸ்ட் கவர் பல நாளாக வேலை செய்யவில்லை. வடிந்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயில் சேர்க்கும் கேனில் கொடுத்துவிடுங்கள்.

டஸ்ட் கவரை எடுங்கள். அதன் அடியில் ஒரு கம்பி வளையம் இருக்கும். அந்தச் சர்க்ளிப்பைக் கூர் ஸ்க்ரூ டிரைவரால் எடுங்கள். துருவில் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டு அரை மணி நேரம் விடுங்கள். அடி ஆலன் போல்ட்டை முழுக்கக் கழற்றிப் பைப்பை உருவுங்கள்.

இப்போது கவனம். பாட்டத்துக்குள் அடியில் ஒரு சின்ன அலுமினியத் துண்டு இருக்கும், ஒரு பக்கம் கூம்பாக. அது ஆயில் லாக் பீஸ். ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் கடைசி நேரத்தில் ஆயிலைச் சிறைப்பிடித்து மெத்தை ஆக்குவது அதுதான். பாட்டத்தைக் கவிழ்த்துக் கழுவும்போது சத்தமில்லாமல் பாத்திரத்தில் விழுந்து, அழுக்கு ஆயிலோடு போய்விடும். ஃபோர்க் மாட்டி முடித்தபின் பள்ளத்தில் ‘டங்’ என்று அடித்தால் இது இல்லை என்று பொருள்.

பழைய சீலை எடுக்க, பாட்டத்தின் மேல்பகுதியில் கொதிநீரை ஊற்றுங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், சீலின் பிடி தளரும். விளிம்பில் ஒரு மரத்துண்டை வைத்து, அதன் மேல் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி நெம்புங்கள். நேரடியாக அலுமினிய விளிம்பில் ஊன்றினால் வடு விழும். சீல் உட்காரும் சுவரில் கீறல் விழுந்தால் சீலுக்கு வெளிப்புறமாகவே ஆயில் கசியும். புது சீல் போட்டாலும் நிற்காது.

9. பைப்பு

பைப்பை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். மூன்று சோதனைகள்.

முதலாவது, துருக்குழி. ஒரு பஞ்சை எடுத்துப் பைப்பின் மேல் நீளவாட்டில் மெதுவாக இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியிலும் பஞ்சின் இழை மாட்டிக்கொள்ளும். மாட்டிய இடத்தையெல்லாம் மார்க்கரால் வட்டம் போடுங்கள். டிக்குள் மறைந்திருக்கும் மேல்பகுதியில் துரு இருந்தால் கவலை இல்லை, சீல் அங்கே போகாது. வண்டி நிற்கும் நிலையில் சீலுக்கு மேலே இருக்கும் மூன்று நான்கு விரலகலம்தான் எதிரி. கல் தெறிப்பதும், சேறு காய்வதும், துரு பிடிப்பதும் அங்கேதான். ஒவ்வொரு பள்ளத்திலும் சீல் உரசிப் போவதும் அங்கேதான். அழகுக்காக ரப்பர் மடிப்பு உறை போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். மழைத்தண்ணீர் உள்ளே தங்கி, வெளியே தெரியாமலே பைப்பைத் தின்றிருக்கும்.

ஊசிமுனை அளவில் ஒன்றிரண்டு குழி என்றால் காப்பாற்றலாம். குழியில் இருக்கும் துருவைக் குத்தி எடுத்து, பெட்ரோலில் துடைத்து, இரண்டு குழாயைக் கலந்து பூசும் எப்பாக்சி பசையைக் குழியில் மட்டும் வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு 1000, 2000 நம்பர் உப்புத்தாளால் ஆயில் தொட்டுத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். பைப்பைச் சுற்றித் தேய்க்க வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. நீளவாட்டில் விழும் கோடு ஒவ்வொன்றும் ஆயில் ஏறி வரும் வாய்க்கால்.

குரோம் செதில் செதிலாக உரிந்திருந்தால் பசை வேலை செய்யாது. புதுப் பைப்பு வாங்கலாம், அல்லது தேய்த்து ஹார்டு குரோம் ஏற்றித் தருபவர்களிடம் கொடுக்கலாம். குரோம் ஏற்றியபின் சரியான அளவுக்குக் கிரைண்டிங் செய்தார்களா என்று கேளுங்கள். பளபளப்பு மட்டும் போதாது. விட்டம் கூடிவிட்டால் சீல் சூடேறிக் கருகும்.

இரண்டாவது, வளைவு. கண்ணாடி மேசையிலோ சமமான கிரானைட் மேடையிலோ பைப்பை உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்து மறைந்தால் வளைந்திருக்கிறது. பெரும்பாலும் கீழ் டி பிடிக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் வளையும். முன்பக்கம் எங்கேயாவது மோதிய வண்டி என்றால் அங்கேதான் முறியப் பார்க்கும். வளைவு 0.2 மி.மீ. தாண்டினால் பைப்பை மாற்றச் சொல்வதுதான் மேனுவல்களில் வழக்கமாக இருக்கும் அளவு. லேத்தில் பிரஸ் வைத்துப் பெண்டு எடுத்துத் தருவார்கள். லேசான வளைவுக்கு அது பரவாயில்லை. மடிப்பு விழுந்த பைப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிமிர்த்திப் போடாதீர்கள். இரும்பு அந்த இடத்தில் களைத்துவிட்டது, அடுத்த பள்ளத்தில் முறியலாம்.

மூன்றாவது, தேய்மானம். கழுவித் துடைத்த பாட்டத்துக்குள் பைப்பைப் பாதி விட்டுப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பல சிறிய வண்டிகளில் புஷ் (இடையில் தேய்மானம் தாங்கும் வளையம்) கிடையாது, அலுமினியச் சுவரிலேயே பைப்பு நேராக ஓடும். ‘கடகட’வென்று ஆடினால் பாட்டம் தேய்ந்துவிட்டது. சீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பைப்பு ஆடும் இடத்தில் அதன் உதடு ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் திறக்கும். பாட்டத்தை மாற்ற வேண்டும். கிடைக்காத மாடல் என்றால், உட்சுவரைக் கடைந்து கன்மெட்டல் புஷ் அடித்துத் தரும் லேத்காரரைத் தேடுங்கள்.

10. ஸ்பிரிங், டேம்பர் ராடு

இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். உயரம் வித்தியாசமாக இருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் சமமாக இருந்து, புது ஸ்பிரிங்கைவிடக் குட்டையாக இருந்தாலும் அப்படித்தான். வாசர் வைத்து உயரத்தைச் சரிக்கட்டுவது சில நாளைக்கு ஓடும், ஆனால் தளர்ந்த ஸ்பிரிங்குக்கு அது பலம் தராது.

டேம்பர் ராடின் தலையில் ஒரு வளையம் இருக்கும். உடைந்திருந்தாலோ ஓரம் தேய்ந்திருந்தாலோ மாற்றுங்கள். சின்னப் பொருள்தான், ஆனால் அது போனால் ஃபோர்க் குதிரை மாதிரி ஆடும். ராடின் துளைகளில் அடைப்பு இருந்தால் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள், துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

11. சேர்ப்பது, சீல் இறக்குவது

குட்டி ரீபவுண்டு ஸ்பிரிங்கோடு டேம்பர் ராடைப் பைப்புக்குள் மேலிருந்து விடுங்கள். கீழ்முனையில் வெளியே நீளும் ராடில் ஆயில் லாக் பீஸை, கழற்றியபோது இருந்த பக்கமே, மாட்டுங்கள். அப்படியே பாட்டத்துக்குள் இறக்குங்கள். அடி போல்ட்டில் புதுச் செம்பு வாசர் போட்டு, மரையில் திரெட் லாக் (போல்ட் இளகாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு ஏற்றுங்கள். மெயின் ஸ்பிரிங்கைத் தற்காலிகமாக உள்ளே விட்டு ஒருவர் அழுத்திக்கொள்ள, முடுக்குங்கள். டார்க் ரெஞ்சு இருந்தால் சுமார் 20 நியூட்டன் மீட்டர். அந்த மரை சின்னது, மூர்க்கமாக இழுக்க வேண்டாம்.

இப்போது சீல். பால் பாக்கெட்டை நன்றாகக் கழுவி ஒரு துண்டு வெட்டி, பைப்பின் மேல்முனையில் உறை மாதிரி போர்த்துங்கள். பைப்பின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். சீலை வெறுமனே நுழைத்தால் அதன் உதட்டில் மயிரிழை அளவு வெட்டு விழும், கண்ணுக்கே தெரியாது. பாக்கெட் மேலும் சீலின் உதட்டிலும் ஃபோர்க் ஆயிலைத் தடவிச் சீலை வழுக்கி இறக்குங்கள். எண்கள் எழுதிய முகம் மேலே, சின்னச் சுருள்கம்பி தெரியும் முகம் கீழே, ஆயில் பக்கம். தலைகீழாகப் போட்ட சீல் முதல் நாளே கசியும்.

பிவிசி பைப்பைப் பைப்பின் மேல் கோத்து, சீலின் வெளிவிளிம்பில் சமமாக உட்காருகிறதா என்று பாருங்கள். ஒன்றேகால் இஞ்ச் பெரும்பாலான 100 சிசி வண்டிகளுக்குச் சரியாக வரும். அதைச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு பக்கமாகக் குத்தி இறக்கினால் சீல் சாய்ந்து மாட்டும். தட்டும் சத்தம் ‘தொப்’ என்பதிலிருந்து ‘டக்’ என்று கெட்டியாக மாறும். அப்போது மேலே சர்க்ளிப்பின் காடி முழுவட்டமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் மறுபக்கம் இன்னும் இறங்கவில்லை. சர்க்ளிப்பைப் போட்டு, அது காடிக்குள் சுற்றுகிறதா என்று தள்ளிப் பாருங்கள். பிறகு டஸ்ட் கவர்.

12. ஆயில்

அளவை வண்டியின் மேனுவலில் பாருங்கள். வடித்த ஆயிலை அளந்து அதே அளவு ஊற்றாதீர்கள். பாதி ஏற்கெனவே கசிந்து போயிருக்கும். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஒரு காலுக்கு 150 மில்லிக்கு முன்பின்னாக இருக்கும் என்றாலும், உங்கள் மாடலுக்கான எண்தான் முக்கியம்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் வண்டிக்கு இன்ஜின் ஆயிலை, அதுவும் அளவில்லாமல், ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் நாள் கெட்டியாக, நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தது. நான்காம் நாள் இரண்டு சீலும் வெளியே பிதுங்கிவிட்டன. ஆயிலுக்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறையும், ஃபோர்க் அமுங்கும்போது அழுத்தம் தாறுமாறாக ஏறிச் சீலைத் தள்ளும். இன்ஜின் ஆயில் ஃபோர்க்கின் சின்னத் துளைகளுக்குத் தடிமன். சின்னப் பள்ளங்களில் ஃபோர்க் அசையாமல் கையில் அடிக்கும்.

சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். ஸ்பிரிங் போடாமல் பைப்பை மெதுவாகப் பத்துத் தடவை மேலும் கீழும் இழுங்கள். உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வரும். ஐந்து நிமிடம் விடுங்கள். பைப்பை முழுக்க அமுக்கி, மேல்விளிம்பிலிருந்து ஆயில் மட்டம்வரை ஒரு குச்சியை விட்டு அளவு பாருங்கள். இரண்டு கால்களிலும் இது ஒன்றாக இருக்க வேண்டும். பார்க்கப்போனால் ஊற்றிய மில்லியைவிட இந்தச் சமநிலைதான் வண்டி நேராகப் போவதைத் தீர்மானிக்கும்.

13. வண்டியில் மாட்டும் வரிசை

எதையும் உடனே முழுக்க முடுக்காதீர்கள். இதுதான் விதி.

கால்களை டியில் ஏற்றிக் கீழ்ப் பிடிபோல்ட்டை நழுவாத அளவுக்கு மட்டும் பிடியுங்கள். ஸ்பிரிங்கைப் போட்டு மேல் போல்ட்டை ஓ-ரிங்கோடு ஏற்றுங்கள். மரை மெல்லியது. அழுத்திக்கொண்டு முதலில் எதிர்ப்பக்கம் திருப்புங்கள், ‘க்ளிக்’ என்று மரை விழுவது கையில் தெரியும். அப்புறம் சரியான பக்கம் திருப்புங்கள்.

இப்போது சக்கரம் இல்லாமல் வெறும் ஆக்சிலை இரண்டு பாட்டங்களிலும் விட்டுப் பாருங்கள். விரலால் தள்ளினாலே போக வேண்டும். போகாவிட்டால் ஒரு பைப்பு மேலே கீழே இருக்கிறது, அல்லது ஐந்தாம் படியில் குறித்து வைத்த முறுக்கு இன்னும் இருக்கிறது.

சக்கரத்தை மாட்டும்போது பிரேக் பிளேட்டின் காடி பாட்டத்தில் இருக்கும் மொட்டில் சரியாக உட்கார வேண்டும். இதை இரண்டு தடவை பாருங்கள். உட்காராமல் ஆக்சிலை முடுக்கிவிட்டால், முதல் தடவை பிரேக் பிடித்ததும் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், கேபிள் அறும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். உயிர் போகிற தவறு இது.

மட்கார்டு போல்ட்டுகளைக் கையால் ஏற்றுங்கள். கட்டையை எடுத்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ஹாண்டிலை நன்றாக ஏழெட்டுத் தடவை அமுக்குங்கள். கால்கள் தானாக ஒன்றுக்கொன்று இணையாக வந்து நிற்கும். அதன்பின் மேல் போல்ட், மேல் டி, கீழ் டி, ஆக்சில் நட்டு, கடைசியாக மட்கார்டு என்ற வரிசையில் முடுக்குங்கள். மட்கார்டை முதலில் முடுக்கினால் அது கால்களைக் கோணலாகவே பிடித்துக்கொள்ளும்.

14. ஓட்டிப் பார்ப்பது

கேபிள்களை மாட்டி, பிரேக்கை நிறுத்திய இடத்திலேயே பிடித்துப் பாருங்கள். பைப்பை உலர்ந்த துணியால் துடைத்து, இருபது தடவை அமுக்குங்கள். பைப்பில் மெல்லிய ஈரப்பளபளப்பு தெரிந்தால் அது சீலில் தடவிய ஆயில், துடைத்துவிடுங்கள். வளையமாகத் திரண்டு நின்றால் கசிவு.

முதலில் தெருவுக்குள் மெதுவாக ஓட்டுங்கள். கையை லேசாக வைத்துப் பார்த்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பத்து கிலோமீட்டர் ஓட்டியபின் ஆக்சில், பிடிபோல்ட்டுகள், மட்கார்டு எல்லாவற்றிலும் மறுபடி ஒரு தடவை ஸ்பேனர் வையுங்கள். ஒரு வாரம் காலையில் வண்டியை எடுக்கும் முன் பைப்பின் அடியில் ஒரு விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் உலர்ந்தே வந்தால் கழற்றி வைத்த பழைய சீலைக் குப்பையில் போடலாம். அதுவரை வைத்திருங்கள். கசிந்தால் அதன் எண்களையும், எந்தப் பக்கம் அதன் உதடு தேய்ந்திருக்கிறது என்பதையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.